வீட்டில் என்ன பேசுகிறீர்கள்?

மணிமுத்தாற்றில் பேசும் மொழி எது என்று எந்த அரசு அலுவலகத்தில் கேட்டாலும் ஒரே சொல்லில் பதில் கிடைக்கும்: தமிழ். அந்தப் பதில் தவறில்லை. ஆனால் அந்த ஒற்றைச் சொல்லை நம்பி ஒரு பள்ளியைச் சரியாக நடத்த முடியாது. ஒரு குடும்பத்துக்கு, அதன் வாழ்வைப் புரட்டிப்போடும் ஓர் அறிவிப்பைப் புரியும்படி அனுப்பவும் முடியாது.

ஊரைச் சுற்றி ஒரு முறை பாருங்கள். 118 அடி அணையின் அடிவாரத்தில், சிங்கம்பட்டியிலும் கல்லிடைக்குறிச்சியிலும் வயல் பார்க்கிறவர்கள் பேசுவது நெல்லைத் தமிழ். சிறப்புக் காவல்படை முகாம் இங்கே இருப்பதால் வடமாவட்டத்துக் காவலர் குடும்பங்களும் வந்து தங்குகின்றன. அந்தப் பிள்ளைகளின் தமிழ் வேறு மாதிரி. கொஞ்சம் கிழக்கே வீரவநல்லூரில் நெசவாளர் வீடுகளில் இன்றும் சௌராஷ்டிரம் கேட்கிறது. மலைச்சாலையில் ஏறினால் மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி. 1929இல் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்த 8,373 ஏக்கரில் எழுந்த தேயிலை எஸ்டேட்கள் இவை. தென்மாவட்டக் கிராமங்களிலிருந்து கங்காணிகள் அழைத்துவந்த குடும்பங்களோடு, மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்திலிருந்து வந்தவர்களும் லயன் வீடுகளில் குடியேறினார்கள். வடக்கே பாபநாசம் மலையில் காரையாறு, மயிலாறு, சேர்வலாறு, இஞ்சிக்குழி என்று காணி மக்களின் குடியிருப்புகள். அவர்கள் தங்களுக்குள் பேசுவது தமிழுக்கும் மலையாளத்துக்கும் நெருங்கிய, ஆனால் இரண்டிலும் முழுமையாக அடங்காத ஒரு மலை மொழி.

இத்தனையும் ஒரே வட்டாரத்தில். பஸ்ஸில் போனால் ஒரே நாளில் பெரும்பகுதியைச் சுற்றிவிடலாம்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இதை எப்படிப் பதிவு செய்கிறது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். கணக்கெடுப்பாளர் கேட்பது தாய்மொழி. கையேட்டின்படி, ஒருவரின் குழந்தைப் பருவத்தில் அவருடைய தாய் அவரிடம் பேசிய மொழிதான் தாய்மொழி. தாய் சிறுவயதிலேயே இறந்திருந்தால் அந்த வீட்டில் முக்கியமாகப் பேசிய மொழி. அடுத்து, வேறு தெரிந்த மொழிகள் இரண்டு வரை எழுதிக்கொள்வார்கள். அவ்வளவுதான். இன்றைக்கு உங்கள் வீட்டில் என்ன பேசுகிறீர்கள் என்ற கேள்வி கிடையாது. ஆங்கிலம் தெரியும் என்றால் எவ்வளவு தெரியும் என்ற கேள்வியும் கிடையாது. பத்தாம் வகுப்பில் எப்படியோ தேறிய இளைஞரும் உயர் நீதிமன்ற வழக்கறிஞரும் அந்தப் படிவத்தில் ஒரே வரியில் நிற்பார்கள்: ஆங்கிலம் தெரிந்தவர்.

2011 கணக்கெடுப்பில் மக்கள் தங்கள் தாய்மொழி என்று சொன்ன பெயர்கள் 19,569. எழுத்துப் பிழைகளையும் ஊர்ப் பெயர்களையும் சலித்தபின் 1,369 தாய்மொழிகள் ஆயின. பிறகு அவை 121 மொழித் தலைப்புகளுக்குள் அடங்கின. ஏருக்கலாவும் கைக்காடியும் தமிழ் என்ற தலைப்பின் கீழ்தான் எண்ணப்படுகின்றன. பத்தாயிரம் பேருக்குக் குறைவானவர்கள் பேசும் தாய்மொழிக்குப் பெயரே வெளியாவதில்லை. 'மற்றவை' என்ற வரியில் போய்விடும். 1961 கணக்கெடுப்பு 1,652 தாய்மொழிகளின் பெயரை அச்சிட்டது; 1971லிருந்து இந்தப் பத்தாயிரம் வரம்பு வந்தது. தமிழ்நாட்டில் காணி மக்கள் சில ஆயிரம் பேர்தான். பட்டியல் பழங்குடிகளின் ஆணையில் அவர்களுக்குத் தனி இடம் உண்டு: கன்னியாகுமரி மாவட்டத்திலும், செங்கோட்டை, அம்பாசமுத்திரம் வட்டங்களிலும் காணிக்காரர் பட்டியல் பழங்குடி என்று அது வட்டத்தின் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. சாதிச் சான்றிதழில் தெரியும் காணி, மொழி அட்டவணையில் தெரிவதில்லை. ஒரு காணிப் பெண், கணக்கெடுப்பாளரிடம் தன் மொழியின் பெயரைத் தயங்காமல் சொன்னால்கூட அது பொதுமக்கள் பார்க்கும் அட்டவணை வரை வந்து சேராது.

இதனால் என்ன நட்டம் என்று கேட்கிறவர்கள் முதல் வகுப்பில் போய் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

ஆசிரியர் பயிற்சியில் பல ஆண்டுகள் செலவிட்டவன் என்ற முறையில் சொல்கிறேன். வகுப்பில் பிழை என்று சிவப்பு மையில் சுழிக்கப்படுபவற்றில் பெரும்பகுதி, பிள்ளையின் வீட்டு மொழி இலக்கணத்துக்கு முழுக்கச் சரியாக இருப்பவை. மலையாளம் பேசும் வீட்டிலிருந்து வரும் பிள்ளைக்கு வினைமுற்றில் ஆண், பெண், பன்மை விகுதி கிடையாது. அவன் வந்தாலும் அவள் வந்தாலும் அவர்கள் வந்தாலும் வினை ஒன்றுதான். அந்தப் பிள்ளை தமிழில் எழுதும்போது 'அவள் வந்தாள்' என்ற முடிவு நழுவிப்போவது கவனக்குறைவால் நேர்வதில்லை. 'அவுக வந்தாக' என்று எழுதும் நெல்லைப் பிள்ளையும், சௌராஷ்டிர வீட்டுப் பிள்ளையும் செய்யும் பிழைகள் வேறு வேறு. மூன்றுக்கும் ஒரே சிகிச்சை பலிக்காது. வீட்டு மொழி தெரிந்த ஆசிரியர் அந்தப் பிழையை எதிர்பார்த்துக் காத்திருப்பார். தெரியாத ஆசிரியர் பிள்ளையை மந்தம் என்று முடிவுகட்டிவிடுவார்.

ஆங்கிலத்துக்கும் இதே கதைதான். தமிழில் இடத்தைக் காட்டும் சொல் பெயருக்குப் பின்னால் வரும்: மேசை மேல். ஆங்கிலத்தில் முன்னால் வரும்: ஆன் த டேபிள். 'ஏ', 'த' என்று பெயருக்கு முன் ஒட்டும் சொற்கள் நம் மொழியில் இல்லவே இல்லை. அதனால் நம் பிள்ளைகள் அவற்றைத் தவறவிடுகிறார்கள். சொல்லின் தொடக்கத்தில் இரண்டு மெய்கள் சேர்ந்து வரும் இடத்தில் ஸ்கூல், இஸ்கூல் ஆகிறது. இவை எல்லாம் முன்கூட்டியே கணிக்கக்கூடிய தடுக்கல்கள். வீட்டு மொழியை அடித்தளமாக வைத்துக் கற்பித்தால் சீக்கிரமே தாண்டிவிடலாம். 1953இலேயே யுனெஸ்கோ ஒரு நிபுணர் அறிக்கை வெளியிட்டு, தொடக்கக் கல்வி தாய்மொழியில் அமைய வேண்டும் என்றது. 1979இல் மொழிக் கல்வி அறிஞர் ஜிம் கம்மின்ஸ், முதல் மொழியில் வேரூன்றிய வாசிப்புத் திறனே இரண்டாம் மொழிக்கும் கைகொடுக்கிறது என்று வாதிட்டார். அதன் பிறகு வந்த ஆய்வுகள் பலவும் அந்தப் பக்கமே சாய்கின்றன.

தமிழ்நாட்டில் நடந்தது என்ன? அரசுப் பள்ளிகளில் 2012-13 கல்வியாண்டிலிருந்து ஆங்கில வழிப் பிரிவுகள் பரவலாகத் தொடங்கப்பட்டன. பெற்றோர் கேட்டார்கள், அரசு கொடுத்தது. அந்தப் பெற்றோரை நான் ஒருபோதும் குறை சொல்லமாட்டேன். கொழுந்து பறித்துக் கை காய்த்துப்போன ஒரு தாய் தன் மகளுக்கு ஆங்கிலம் வேண்டும் என்று கேட்பதில், மொழி பற்றி மேடையில் பேசும் பலருக்கு இல்லாத தெளிவு இருக்கிறது. எஸ்டேட்டில் ஆங்கிலம் யார் பக்கம் இருந்தது என்பதை அவர் தினமும் பார்த்திருக்கிறார். மஸ்டர், செக்ரோல், கிராஜுவிட்டி, பி.எஃப். என்று அவர் வாயிலும் ஆங்கிலச் சொற்கள் புழங்கின. ஆனால் அந்தச் சொற்கள் எழுதப்பட்ட தாளைப் படிக்கிற ஆங்கிலம் துரைமார் பங்களாவிலும் ஆபீஸிலும்தான் இருந்தது.

அந்தத் தாய் நினைப்பது சரி என்பதற்குக் கணக்கும் உண்டு. 2005இல் நடந்த இந்திய மனித மேம்பாட்டு ஆய்வு, சரளமாகப் பேசுவீர்களா, கொஞ்சம் பேசுவீர்களா, அறவே தெரியாதா என்று ஆங்கிலத்தைப் பிரித்துக் கேட்டது. அதை வைத்துப் பொருளாதார அறிஞர்கள் கணக்கிட்டபோது, படிப்பும் சாதியும் வட்டாரமும் ஒரே மாதிரி இருக்கும் ஆண்களில், சரளமாகப் பேசுபவரின் மணிக்கூலி, அறவே தெரியாதவரைவிடச் சுமார் 34 சதவீதம் கூடுதலாக இருந்தது. கொஞ்சம் தெரிந்தவருக்கு 13 சதவீதம். ஆங்கிலம் தெரியும் என்ற ஒரே பெட்டிக்குள் இரண்டு பேரையும் போடும் கணக்கெடுப்பு மறைப்பது இந்த இடைவெளியைத்தான்.

ஆனால் அந்தச் சரளத்தை ஆங்கில வழிப் பலகை கொடுத்துவிடுமா? கற்றல் நிலையை அளக்கும் அசர் (ASER) ஆய்வின் 2023ஆம் ஆண்டு அறிக்கை, கிராமப்புறத்தில் 14 முதல் 18 வயது வரையுள்ளவர்களிடம் எளிய ஆங்கில வாக்கியங்களைக் கொடுத்தது. படிக்க முடிந்தவர்கள் 57.3 சதவீதம். படித்தவர்களிலும் ஏறக்குறைய கால்பங்குப் பேரால் பொருள் சொல்ல முடியவில்லை. எழுத்துக்கூட்டுகிறார்கள், உள்ளே எதுவும் போகவில்லை. வீட்டில் ஒரு மொழி, புத்தகத்தில் இன்னொரு தமிழ், அதற்கு மேல் ஆங்கிலம் என்று மூன்றாவது படியில் நிற்கும் காணிப் பிள்ளையின் நிலைமையை இந்த அகில இந்திய எண் காட்டவே காட்டாது.

இங்கே கொஞ்சம் வெளியே போய் வர வேண்டும். அமெரிக்கக் கணக்கெடுப்புத் துறை 1980 முதல் மூன்று கேள்விகளை அடுத்தடுத்துக் கேட்கிறது. இவர் வீட்டில் ஆங்கிலம் தவிர வேறு மொழி பேசுகிறாரா? எந்த மொழி? ஆங்கிலம் எவ்வளவு நன்றாகப் பேசுவார்: மிக நன்றாக, நன்றாக, சுமாராக, அறவே இல்லை? இங்கிலாந்தும் வேல்ஸும் 2011இல் ஏறக்குறைய இதே கேள்வியைச் சேர்த்துக்கொண்டன. இதைக் கேட்டதும் நம்மில் பலருக்குத் தோன்றுவது, ஆங்கிலம் தெரியாதவர்களைப் பிடித்து ஆங்கிலம் கற்றுக்கொடுக்கத்தான் இந்தக் கணக்கு என்பது. அமெரிக்காவில் அதற்கு ஒரு முக்கியமான பயன் வேறு. 1975இல் வாக்குரிமைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 203ஆம் பிரிவின்படி, ஒரு வட்டாரத்தின் வாக்களிக்கும் வயதுக் குடிமக்களில், குறிப்பிட்ட மொழிச் சிறுபான்மைக் குழு ஒன்றைச் சேர்ந்த ஆங்கிலம் போதாதவர்கள் 5 சதவீதத்தையோ பத்தாயிரம் பேரையோ தாண்டி, அவர்களிடையே எழுத்தறிவின்மையும் நாட்டுச் சராசரியைவிடக் கூடுதலாக இருந்தால், தேர்தல் அலுவலகம் அவர்கள் மொழியில் வாக்குச்சீட்டு தர வேண்டும். 'மிக நன்றாக' என்பதற்குக் கீழே எந்தப் பதில் சொன்னாலும் போதாதவர் கணக்கில் சேர்வார். நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் வங்காள எழுத்தில் வாக்குச்சீட்டு வந்தது இப்படித்தான்.

ஒருவருடைய ஆங்கிலத்தை அளப்பது, அவரிடம் பேச அரசு எந்த மொழியைக் கற்க வேண்டும் என்பதைத் தெரிந்துகொள்ள. மணிமுத்தாற்றுக்குத் தேவைப்படும் பாடம் இதுதான்.

மாஞ்சோலையை நினைத்துப் பாருங்கள். 1999 ஜூலை 23 அன்று, எஸ்டேட் தொழிலாளர்களின் கூலிக்காகத் திருநெல்வேலியில் நடந்த ஊர்வலம் தாமிரபரணிக் கரையில் 17 உயிர்களைப் பலிகொண்டு முடிந்தது. 2018இல் அந்த மலை காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2024 ஜூனில், குத்தகை முடிய நான்கு ஆண்டுகள் இருக்கும்போதே, நிறுவனம் விருப்ப ஓய்வு என்ற பெயரில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தொழிலாளர்களின் வேலையை முடித்துக்கொண்டது. வீடும் இடமும் என்ன ஆகும் என்ற வழக்கில் அதே ஆண்டு டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உயர் நீதிமன்றத்தின் மொழி ஆங்கிலம். அரசமைப்புச் சட்டத்தின் 348ஆம் கூறு அப்படி வைத்திருக்கிறது. தமிழையும் அந்த நீதிமன்றத்தின் மொழியாக்க வேண்டும் என்று 2006இல் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. இன்னும் நடக்கவில்லை.

நான்கு தலைமுறையாக அந்த மலையில் வாழ்ந்தவர்களின் கதி எழுதப்பட்ட தாளை அவர்களில் எத்தனை பேரால் தாங்களே படித்துப் புரிந்துகொள்ள முடிந்தது? இந்தக் கேள்விக்கு விடை தரும் புள்ளிவிவரம் எந்த அரசு அட்டவணையிலும் கிடையாது. யாரும் கேட்காததால் கிடையாது. வக்கீல் சொன்னார், சங்கத்தார் சொன்னார், டி.வி.யில் சொன்னார்கள். தன் வீட்டைப் பற்றிய முடிவை இன்னொருவர் வாயால் மட்டுமே அறிந்துகொள்ள முடிகிற நிலை ஒரு குடிமகனுக்கு நேரக் கூடாது.

இந்த மண்ணுக்கு இது புதிதும் இல்லை. அந்நாளைய திருநெல்வேலிச் சீமையின் மயிலோடைக் கிராமத்திலிருந்து வால்பாறைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கொண்டுபோகப்பட்டவர்களின் கொடிய வாழ்க்கையை டாக்டர் பி.எச். டேனியல் 1969இல் 'ரெட் டீ' என்ற நாவலாக ஆங்கிலத்தில் எழுதினார். இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு' என்று தமிழுக்கு வர ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் ஆயின. அந்த நாவலின் மாந்தர்களாக வாழ்ந்தவர்களில் எத்தனையோ பேர் அதற்குள் மறைந்துவிட்டார்கள்.

செய்யக்கூடியது என்ன என்று வருவோம். பெரிய காரியங்கள் முதலில் வேண்டாம்.

அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் குறிப்பு நாள் 2027 மார்ச் 1. வீட்டு மொழி, ஆங்கிலத் திறன் என்ற இரண்டு கேள்விகளும் அதில் சேர வேண்டும் என்று கோரிக்கை வைக்கலாம், வைக்கவும் வேண்டும். டெல்லி ஏற்குமா என்று காத்திருக்க நமக்கு நேரமில்லை. மாவட்ட ஆட்சியர் நினைத்தால், மணிமுத்தாறு பேரூராட்சியிலும், மாஞ்சோலைக் குடும்பங்கள் இறங்கி வந்து குடியேறியிருக்கும் இடங்களிலும், பாபநாசம் மலையின் காணிக் குடியிருப்புகளிலும் ஒரு சிறிய மொழிக் கணக்கெடுப்பை ஒரே கோடை விடுமுறையில் முடித்துவிடலாம். மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் தமிழ், ஆங்கிலத் துறை மாணவர்கள் இதற்குப் போதும். காணிக் குடியிருப்புகளில் மட்டும் காணி இளைஞர்களையே பயிற்றுவித்து அனுப்ப வேண்டும். வெளியார் வந்து கேட்டால் 'தமிழ்தான் பேசுவோம்' என்று மரியாதைக்குச் சொல்லிவிடுவார்கள்; தங்கள் பேச்சை மற்றவர்கள் ஏளனம் செய்ததைப் பார்த்துப் பழகியவர்கள் அவர்கள்.

கேட்க வேண்டியது சொற்பம். வீட்டில் பெரியவர்கள் தங்களுக்குள் பேசும் மொழி எது, பிள்ளையிடம் பேசும் மொழி எது? இந்த இரண்டும் வேறாக இருக்கும் வீடுகளில்தான் ஒரு மொழி கைமாறாமல் நின்றுபோகிறது. மின் கட்டண ரசீது, வங்கிக் குறுஞ்செய்தி, நீதிமன்ற ஆணை இவற்றைத் துணையில்லாமல் படித்துப் புரிந்துகொள்ள முடியுமா, தமிழில் முடியுமா, ஆங்கிலத்தில் முடியுமா? 'ஆங்கிலம் தெரியுமா' என்று மொட்டையாகக் கேட்டால் கூச்சத்தில் ஒருவர் குறைத்துச் சொல்வார், கௌரவத்துக்காக இன்னொருவர் கூட்டிச் சொல்வார். ஒரு தாளைக் காட்டிக் கேட்டால் உண்மை தெரியும்.

கிடைக்கும் விடையை வைத்து இரண்டு வேலைகளை உடனே தொடங்க முடியும். ஒன்று பள்ளியில். கேரளம் வயநாட்டில் 'கோத்ரபந்து' திட்டத்தின் கீழ்ப் பழங்குடி இளைஞர்களையே தொடக்கப் பள்ளிகளில் துணை ஆசிரியர்களாக நியமித்தது. ஒடிசா 2007 வாக்கில் பத்துப் பழங்குடி மொழிகளில் தொடக்கக் கல்வியைத் தொடங்கிப் பின்னர் விரிவாக்கியது. நம்மிடம் காணிப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. முதல் இரண்டு வகுப்புகளில் அவர்கள் மொழி பேசும் ஒருவரை அமர்த்துவது அரசுக்குப் பெரிய செலவில்லை. தொடக்க நிலையில் தாய்மொழியில் கற்க வசதி செய்ய மாநிலம் முயல வேண்டும் என்று அரசமைப்புச் சட்டத்தின் 350-அ கூறு 1956 முதல் சொல்லிக்கொண்டிருக்கிறது. இந்தி திணிக்கப்படும்போதெல்லாம் தாய்மொழி உரிமையைப் பேசும் தமிழ்நாடு, தன் எல்லைக்குள் இருக்கும் சிறிய மொழிக்கு அதே உரிமையைத் தர முன்னே நிற்க வேண்டும். நம் இருமொழிக் கொள்கையை முழு மனதோடு ஆதரிப்பவன் நான். அதனாலேயே இதை அழுத்திச் சொல்கிறேன். இந்தத் துணை ஆசிரியர் காணிப் பிள்ளையைத் தமிழிலிருந்து விலக்கமாட்டார், தமிழுக்குள் அழைத்துவருவார். ஆங்கிலமும் அந்த வழியாகத்தான் வந்து நிலைக்கும்.

இன்னொன்று அலுவலகத்தில். வனத்துறை, வருவாய்த்துறை, தொழிலாளர் துறை, நீதிமன்றம் எதுவாக இருந்தாலும், ஒரு குடும்பத்தின் குடியிருப்பையோ வேலையையோ மாற்றும் எந்தத் தாளும் எளிய தமிழ்ச் சுருக்கத்தோடு வர வேண்டும். படிக்கத் தெரியாதவருக்கு அவர் மொழியில் வாசித்துக்காட்டி, வாசித்துக்காட்டியவர் கையொப்பம் இட வேண்டும். விருப்ப ஓய்வு போன்ற ஒப்பந்தங்களில் இது இல்லாமல் வாங்கிய கையெழுத்து செல்லாது என்று தொழிலாளர் துறை விதி செய்ய வேண்டும்.

மாஞ்சோலையிலிருந்து இறங்கிய பிள்ளைகள் ஏற்கனவே புதிய பள்ளிகளில் சேர்ந்துகொண்டிருக்கிறார்கள். மாற்றுச் சான்றிதழில் பிறந்த தேதி இருக்கிறது, அங்க அடையாளம்கூட இருக்கிறது. சேர்க்கைப் பதிவேட்டில் 'வீட்டில் பேசும் மொழி' என்று ஒரு கட்டம் சேர்க்க மாவட்டக் கல்வி அலுவலரின் ஒரு சுற்றறிக்கை போதும். அடுத்த ஜூனில் பள்ளி திறக்கும்முன் அது வந்துவிட வேண்டும்.

– கட்டுரையாளர், மொழிக் கல்வி ஆய்வாளர்.